அரெக்கிப்பாவின் ஐந்து குடிமக்கள்

ரொறன்ரோவில் வாழும் அத்தனை தமிழர்களிலும் ஊர்ப்பெருமை என்ற நோய் தொற்றாத ஒரே ஆள் நான்தான். இதைப் பகிடியாகச் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்கு என் இரத்தம் தேவையென்றால் எந்த ஆஸ்பத்திரிக்கும் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

மற்றவர்களின் நிலைமை கவலைக்கிடமானது. 1996இல் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஸ்காபரோவின் எந்த மண்டபக் கதவைத் திறந்தாலும் உள்ளே ஓர் ஊர் இருந்தது. குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, வரவேற்புரை ஆற்றியவருக்கு ஒரு நன்றியுரை. ஓர் ஊரில் தண்ணீர் நல்லது. அடுத்த ஊரில் மூளை நல்லது. மூன்றாவது ஊரில் இரண்டும் நல்லது, ஆனால் அடக்கம் காரணமாக அதை வெளியே சொல்வதில்லை என்று மேடையில் சொன்னார்கள். கொத்துரொட்டி ஆறும்வரை சொன்னார்கள்.

எங்கள் கொலிஜ் தமிழ் மாணவர் மன்றத்தின் சஞ்சிகையில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ஊருக்கொரு சங்கம் போதாது, ஒழுங்கைக்கொரு சங்கம் வேண்டும். அதுவும் பற்றாவிட்டால், ஒரே வேலியைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வீட்டுக்காரர் சேர்ந்து வேலிச் சங்கம் அமைக்கலாம். தலைவரும் செயலாளரும் ஒருவரோடொருவர் பேசாதிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இப்படி முழு மரியாதையோடுதான் பரிந்துரைத்திருந்தேன்.

மன்றத் தலைவர் குலசிங்கம் அண்ணை கூப்பிட்டார். அவர் கொலிஜில் நெடுங்காலமாகப் படிக்கிறவர். அவரோடு முதலாம் வருடம் படித்த ஒருவர் இப்போது எங்களுக்கு விரிவுரையாளர்.

"ஜனார்த்தன், உது எங்களைப் பற்றி எழுதினதோ?"

"இல்லை அண்ணை. பொதுவா எழுதினது."

"பொதுவா எண்டால் என்ர ஒழுங்கையின்ர பேர் ஏன் அதுக்க கிடக்குது?"

"உதாரணத்துக்கு, அண்ணை."

"அப்ப நானும் ஒரு உதாரணம் காட்டுறன். இந்த முறை யாழ்ப்பாண மேசையில உமக்கு வேலையில்லை. வடைக்கு வேற ஆள் பாத்திட்டம்."

யாழ்ப்பாண மேசை என்றால் என்னவென்று சொல்லவேண்டும். ஒவ்வொரு பங்குனியிலும் எங்கள் கொலிஜில் 'நகரங்களின் இரவு' நடக்கும். பெரிய மண்டபத்தில் மேசைக்கொரு நகரம். நாடுகளின் பெயருக்கு அங்கே இடமில்லை. பார்க்க வருபவர்களுக்கு வாசலில் ஒரு சின்னக் கடதாசிப் பாஸ்போர்ட் கொடுப்பார்கள். மேசை மேசையாகப் போய் முத்திரை குத்திக்கொள்ளலாம். கூடுதலான முத்திரை குத்திய நகரத்துக்கு முதற்பரிசு. யாழ்ப்பாணம்தான் தொடர்ந்து வென்றுகொண்டிருந்தது. வடைதான் காரணம். குலசிங்கம் அண்ணை அதைப் பண்பாடு என்பார்.

வடை பறிபோன துக்கத்தில் கன்ரீனில் இருந்தபோதுதான் கிளடிஸ் வந்து முன்னால் அமர்ந்தாள். புள்ளிவிபர வகுப்பில் எனக்கு முன்வரிசை. ஒஷாவாவில் அக்கா வீட்டிலிருந்து வந்து படிப்பவள். பெரு நாட்டுக்காரி என்று நினைத்திருந்தேன். அந்தச் சொல்லை அவள் முன்னால் சொல்லக்கூடாது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். நாங்கள் பேசியது ஆங்கிலம். ஆனால் அவளுக்கு வந்த கோபம் அசல் யாழ்ப்பாணத்துக் கோபம். ஆகையால் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

"லீமாக்காரர் தங்கட மேசையில எனக்கு ஒரு மூலை தாறம் எண்டு சொல்லுகினம்."

"நல்லதுதானே?"

"மூலையோ? எங்கட அரெக்கிப்பாவுக்கோ?"

"அது லீமாவுக்குக் கிட்டவோ?"

அவள் கோப்பியைத் தள்ளி வைத்தாள். "பஸ்ஸில ஒரு இரவும் அரைப் பகலும். உம்மை ஆராவது கொழும்பெண்டு சொன்னால் எப்பிடியிருக்கும்?"

எனக்கு ஒன்றும் இருக்காது என்று சொன்னேன். நோயில்லாதவன் அப்படித்தான் சொல்வான். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

விடயம் இதுதான். தனிமேசை போட ஐந்து மாணவர் வேண்டும். ஐந்து பேருக்கும் தங்கள் நகரத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். மாணவர் அலுவலகத்து மிஸிஸ் மெக்கலம் முதலே கூப்பிட்டு ஆளுக்கொரு கேள்வி கேட்பார். முந்திய வருடம் சிலர் பாரிஸ் என்று எழுதிவைத்துவிட்டு டோனட் விற்றதால் வந்த சட்டம் அது. எங்கள் கொலிஜில் அரெக்கிப்பாக்காரர் மொத்தம் ஒருவர்.

"வைகாசியில நான் படிச்சு முடிச்சிடுவன். ஐஞ்சு வருசமா இந்தச் சிற்றியில எவடம் எண்டு கேக்கிற எல்லாருக்கும் 'லீமாவுக்குக் கிட்ட' எண்டு பொய் சொல்லிக் களைச்சுப் போனன். ஒரு இரவாவது அந்தப் பேர் பெரிசா எழுதித் தொங்கவேணும். தனிய."

நான் யோசித்தேன். ஊர்ப்பைத்தியம் எங்களுக்கு மட்டுமே உரியதென்று இவ்வளவு காலமும் தவறாக எண்ணியிருந்தேன். இதோ, இன்னொரு கண்டத்திலிருந்து, முற்றிய நிலையில் ஒரு நோயாளி. கிட்ட இருந்து பார்த்தால் அடுத்த கட்டுரை தயார்.

"நான் ஒராள்" என்றேன். "மிச்ச மூண்டு பேரை நான் கொண்டுவாறன்."

விட்பியிலிருந்து றெயினில் வருகிற துஷாந்தைப் பிடித்தேன். சாப்பாடு இருக்கிற எந்த நாட்டுக்கும் அவன் குடிமகன். அந்த ஊர் வழக்கறிஞர்களுக்குப் பேர்போனது, தலைநகரத்தோடு ஓயாமல் சண்டை பிடிப்பது என்றதும் சிவானி வேறொன்றும் கேட்காமல் சேர்ந்தாள். அவள் சட்டம் படிக்கப் போகிறவள். ஊர் முழுக்கத் தேவாலயம் என்று கேள்விப்பட்டு நீக்கிலாஸ் வந்தான். அவன் யாழ்ப்பாணக் கரையோரத்துப் பாஷையூரின் கத்தோலிக்கப் பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அப்பார்ட்மென்ற் வரவேற்பறையில் குடியுரிமை வகுப்பு தொடங்கியது. கிளடிஸ் படங்களைத் தரையில் பரப்பினாள். ஊர் முழுவதும் வெள்ளை. எரிமலை கக்கிய வெள்ளைக் கல்லை வெட்டி எடுத்து வீடும் கோயிலும் மதிலும் கட்டியிருக்கிறார்கள். அதே எரிமலை, பெயர் மிஸ்தி, ஊருக்குப் பின்னால் கடகம் கவிழ்த்த மாதிரி நிற்கிறது.

"எரிமலைக்குக் கீழ ஏன் இருக்கினம்?" என்று துஷாந்த் கேட்டான். "தள்ளி ஒரு இடம் கிடைக்கேல்லையோ?"

"தள்ளியிருக்கிற ஆக்கள் லீமாக்காரர்" என்றாள் கிளடிஸ்.

1540இல் ஆவணி பதினைந்தாம் நாள் ஸ்பானியர் அந்த நகரத்தை நிறுவினார்கள். அதற்குப் பிறகு நிலம் அதைச் சும்மா விடவில்லை. 1582இல் நடுங்கியது. 1600இல் பக்கத்து எரிமலை ஒன்று வெடித்து ஊரைச் சாம்பலால் மூடியது. 1687, 1784, 1868 என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏதோவொன்று விழுந்தது. இடையில் 1844இல் தலைமைத் தேவாலயம் எரிந்துபோனது. ஒவ்வொரு முறையும் அதே கல்லில் கட்டினார்கள். கிளடிஸ் இதைச் சொன்னபோது நீக்கிலாஸ் தேவாலயப் படத்தை எடுத்து நிறைய நேரம் பார்த்தான். அவனுடைய கோயிலின் முகட்டில் ஷெல் விழுந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் பகிடி விடவில்லை. நான்கூட.

நிலம் நடுங்காத காலங்களில் மனிதர் நடுங்க வைத்தார்கள். லீமாவில் எந்தத் தளபதி நாற்காலியில் ஏறினாலும் முதலில் எழும்பி நின்று ஏனென்று கேட்பது அரெக்கிப்பாதான். தெருக் கல்லைப் பெயர்த்துத் தடுப்பு அடுக்கிவிட்டு, பின்னால் நின்று சுடுவார்கள். சிலியோடு போர் நடந்து லீமா வீழ்ந்தபோது கொஞ்சக் காலம் அதுவே தலைநகராகவும் இருந்தது. அந்தக் கொஞ்சக் காலத்தை அவர்கள் இன்றுவரை மறக்கவில்லை.

"சரியான திமிர் பிடிச்ச சனம்" என்றாள் சிவானி, மிகுந்த மரியாதையோடு.

"எங்களுக்கு மலைக்குணம் எண்டு ஒண்டு இருக்கு. நெவாடா எண்டுறது. பனிமலைக் காத்து மாறி அடிக்கேக்க ஊரில எல்லாருக்கும் காரணமில்லாமல் கோவம் வரும். அந்த நேரம் ஆரும் ஆரையும் பேசலாம். ஒருத்தரும் மனசில வைக்கமாட்டினம்."

"எங்கட வீட்டில அதுக்குக் காத்தும் தேவையில்லை" என்றான் துஷாந்த்.

மாட்டுச் சண்டையும் இருக்கிறது. ஸ்பெயினில் போல வாளோடு மனிதன் இறங்குவதில்லை. இரண்டு காளைகளை முட்டவிடுவார்கள், பின்வாங்கியது தோல்வி. பிறகு இரண்டும் வீட்டுக்குப் போய்ப் புல் தின்னும்.

"மன்றத்து மீற்றிங் மாதிரி" என்றேன் நான். என் கட்டுரைக்கு இந்த வரியைக் குறித்தும் வைத்தேன்.

இந்த இடத்தில்தான் தமிழர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிழையை நாங்கள் செய்தோம். சிறுவயதில் எல்லோரும் ரியூசன் கொட்டிலில் வளர்ந்தவர்கள். சோதனை என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் உடம்பு தானாக ஒரு வேலை செய்யும். சிவானி அன்றிரவே கிளடிஸ் சொன்ன எல்லாவற்றையும் அழகான ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் எழுதினாள். போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தாள். நாங்கள் நால்வரும் பாடமாக்கினோம். ஸ்ட்ரீட்காரில் பாடமாக்கினோம், சப்வேயில் பாடமாக்கினோம். துஷாந்த் றெயினில் உரக்கச் சொல்லிப் பழகியதால் அவனுக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகக் கிடைத்தது.

சோதனை நாள் வந்தது. மிஸிஸ் மெக்கலம் மேசைக்குப் பின்னால் இருந்தார். சுவரோரமாக மற்ற மேசைத் தலைவர்கள். அவர்களில் லீமாவின் அல்வாரோவும் இருந்தான். நல்ல கோட்டு, நல்ல தலைமயிர், மூலை தர இன்னமும் தயாராக இருப்பவனின் புன்சிரிப்பு.

கிளடிஸ் முதலில் பேசினாள். ஒரு குறையுமில்லை. அடுத்தது துஷாந்த்.

"உங்கள் நகரத்தைப் பற்றி உங்களுக்குப் பிடித்ததொன்றைச் சொல்லுங்கள்."

துஷாந்த் எழுந்து, கைகளைப் பின்னால் கட்டி, கூரையைப் பார்த்து, "மிஸ்தி என்னும் கம்பீரமான எரிமலையின் அடிவாரத்தில், வெண்கல்லால் இழைத்த முத்துப்போல் அமைந்துள்ள அரெக்கிப்பா..." என்று தொடங்கி மூச்சு விடாமல் முடித்தான். மிஸிஸ் மெக்கலம் மகிழ்ந்துபோனார்.

"சிவானி, அந்த ஊர்ச் சாப்பாடு எப்படி?"

சிவானி எழுந்தாள். கைகளைப் பின்னால் கட்டினாள். "மிஸ்தி என்னும் கம்பீரமான எரிமலையின் அடிவாரத்தில்..."

மிஸிஸ் மெக்கலத்தின் பேனை நின்றது. சாப்பாடு நாலாவது பந்தியில் இருந்தது. அங்கே போய்ச் சேர வேறு வழி அவளுக்குத் தெரியாது. பிறகு நீக்கிலாஸ் எழுந்தான். காலநிலை பற்றிக் கேட்டார். அவன் வியர்த்துக்கொண்டே "வெண்கல்லால் இழைத்த முத்துப்போல்" என்றபோது சுவரோரத்தில் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள்.

அல்வாரோ எழுந்தான். "மேடம், இது நகரமில்லை, ரேப் றெக்கோடர். இதில நாலு பேர் ஸ்ரீலங்கன். ஒருத்தரும் அந்தப் பக்கம் போனதே இல்லை. கிளடிஸ் எங்களோட வரட்டும். மூலை இருக்குத்தானே."

மிஸிஸ் மெக்கலம் பெருமூச்சு விட்டார். கிளடிஸின் முகத்தை நான் பார்த்தேன். அவள் தன் படங்களை ஒவ்வொன்றாக உறைக்குள் வைக்கத் தொடங்கியிருந்தாள். கோபம்கூட இல்லை. 'லீமாவுக்குக் கிட்ட' என்று சொல்லிப் பழகிய முகம் அது.

"ஜனார்த்தன்" என்றார் மிஸிஸ் மெக்கலம், களைப்போடு. "நீங்களும் அதே முத்துத்தானா?"

எனக்கும் அந்த ஒரு பக்கம்தான் தெரியும். வாயைத் திறந்தேன். பாடமாக்கியதில் ஒரு சொல்லும் வரவில்லை. யன்னலுக்கு வெளியே பங்குனிக் காற்று மாறி அடித்ததோ என்னவோ.

"இல்லை, மிஸிஸ் மெக்கலம். முத்தெல்லாம் பொய். அது சரியான கரைச்சல் பிடிச்ச ஊர். அந்தச் சனத்துக்கு வாய் நீளம், மூக்கில கோவம். எரிமலைக்குக் கீழ குடியிருக்குதுகள், கேட்டால் மலைதான் தங்கட ஊருக்கு மேல வந்து இருக்குது எண்டு சொல்லுதுகள். நிலம் நடுங்கி ஊர் விழுந்தது. கட்டினம். சாம்பல் மூடினது. கூட்டி அள்ளிப் போட்டிட்டுக் கட்டினம். கோயில் எரிஞ்சது. கட்டினம். கட்டி முடிச்ச கையோட திரும்ப நடுங்கிக் கோபுரம் விழுந்தது. விழுந்த கல்லையே எடுத்துக் கட்டினம். லீமாவில இருந்து பட்டாளம் வந்தது, தெருவைக் கிளப்பி மறிச்சம். தோத்தம், அதுக்குப் பிறகும் நாங்கள்தான் வெண்டது எண்டு சொன்னம். இவ்வளவு நடந்த ஊருக்கு இந்தத் தம்பி ஒரு மூலை தாறாராம்."

நான் அல்வாரோவின் பக்கம் திரும்பினேன்.

"நாங்கள் போனதில்லைத்தான். நீர் போயிருக்கிறீரோ?"

அல்வாரோ கோட்டுப் பொத்தானைப் பூட்டினான். கழற்றினான்.

"பிளேனில... மேலால போயிருக்கிறன்" என்றான்.

முதலில் சிரித்தவர் மிஸிஸ் மெக்கலம். பிறகு அல்வாரோவே சிரித்துவிட்டான். மிஸிஸ் மெக்கலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் கேப் பிரெட்டன் தீவில் பிறந்தவள் என்றும், மாகாணத் தலைநகர் ஹலிஃபக்ஸ்காரர் தங்களைப் பற்றி வாய் திறந்தால் தன் புருஷனும் இதே குரலில்தான் கத்துவாரென்றும் சொன்னார்.

"தனிமேசை" என்றார். "பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கோ. பெரிசா எழுதவேணும்."

கிளடிஸ் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல்.

அந்த இரவைப் பற்றிச் சொல்வதென்றால், உலகத்தில் எந்த அரெக்கிப்பாவும் அப்படி இருந்திருக்காது. எங்களுக்குத் தெரிந்த ஒரே வரவேற்பை நாங்கள் செய்தோம்: வாசலில் நீக்கிலாஸ் பன்னீர் தெளித்தான், சந்தனம் வைத்தான், கற்கண்டு நீட்டினான். கிளடிஸ் ஒரு கணம் திகைத்துவிட்டு, "எங்கட ஊரிலயும் இப்பிடித்தான் எண்டு சொல்லுங்கோ" என்றாள். இறைச்சி அடைத்த மிளகாய் அந்த ஊரின் பேர்போன சாப்பாடு. உரிய மிளகாய் ரொறன்ரோவில் கிடைக்காததால் குடைமிளகாயை வாங்கி, உறைப்புக்கு எங்கள் தமிழ்க் கடைக் கொச்சிக்காயை அரைத்து உள்ளே வைத்தோம். தேங்காய்ப்பாலும் கறுவாவும் போட்ட ஐஸ்கிரீமும் இருந்தது. அதற்கு 'உறைந்த சீஸ்' என்று பெயர், சீஸ் துளியும் கிடையாது. முதலில் மிளகாய், பிறகு ஐஸ்கிரீம். மிளகாய் தின்றவர்கள் ஐஸ்கிரீமுக்கு ஓடினார்கள், ஓடியவர்கள் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் கூட்டத்தை இழுத்தது வேறொன்று. அரெக்கிப்பாவில் பகிடிக்கு 'சுதந்திரக் குடியரசு' என்று போட்ட தனிப் பாஸ்போர்ட் விற்பார்களாம். கிளடிஸ் அந்தமாதிரி ஒரு கட்டு அடித்துக்கொண்டு வந்திருந்தாள். எங்களுக்கு அது போதாது. நாங்கள் நால்வரும் இமிகிரேஷன் வாசலில் காத்திருந்தே வளர்ந்தவர்கள். ஒரு மேசை போட்டோம், சிவானியைப் பின்னால் இருத்தினோம்.

"ஏன் அரெக்கிப்பாவுக்கு வந்தனீங்கள்?"

"சும்மா... பார்க்க" என்றான் ஒரு கனேடியப் பெடியன்.

"சும்மாவோ? ஆதாரம் இருக்கோ? திரும்பிப் போவீங்கள் எண்டு எப்பிடி நம்புறது? அந்தக் கதிரையில இருங்கோ. கூப்பிடுவம்."

தங்கள் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு நாட்டுக்குள் விட மறுக்கப்பட்ட மகிழ்ச்சியில் கனேடியர்கள் வரிசையில் நின்றார்கள். வரிசை லண்டனைத் தாண்டி, ஹொங்கொங்கைச் சுற்றி, யாழ்ப்பாணத்தின் வடைத் தட்டை மறைத்தது. அல்வாரோ வந்தான். சிவானி அவனை மட்டும் நிறைய நேரம் இருத்திவைத்தாள். கடைசியில் கிளடிஸே எழுந்துபோய் அவன் பாஸ்போர்ட்டில் ஓங்கி ஒரு முத்திரை குத்தினாள். அவன் அதை லீமா மேசைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினான்.

குலசிங்கம் அண்ணையும் வந்தார். மிளகாயைக் கடித்தார். கண்ணில் தண்ணீர் ஓடியது.

"உறைப்புக் காணாது" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பதாகையை நிமிர்ந்து பார்த்தார். "இவையின்ர ஊரில சண்டை சச்சரவு கூடவோ?"

"ஓம் அண்ணை."

"தாங்கள்தான் பெரிசெண்ட நினைப்போ?"

"ஓம் அண்ணை."

"ம்" என்றார். "நல்ல ஊராத்தான் கிடக்குது." இரண்டாவது மிளகாய்க்குக் கை நீட்டினார்.

முதற்பரிசை அறிவித்தபோது மிஸிஸ் மெக்கலம் அந்தப் பெயரை ஒலிவாங்கியில் சரியாகச் சொன்னார். மண்டபம் திருப்பிச் சொன்னது. துஷாந்த் மேசையில் ஏறினான். நீக்கிலாஸ் மிச்சப் பன்னீரைக் கூரைக்கு வீசினான். லீமாக்காரர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார்கள். கிளடிஸ் மேடைக்குப் போகவில்லை. பதாகையின் ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தது; கதிரையில் ஏறி அதை நேராக்கிவிட்டு, அதன் கீழே நின்று கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். யாரோ ஒரு பெண் அவளிடம் "நீங்கள் எவடம்?" என்று கேட்டாள். கிளடிஸ் மேலே கையைக் காட்டினாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மிஸிஸ் மெக்கலம் என்னைக் கூப்பிட்டார். வென்றவர்களுக்கு அடுத்த வருடம் வாசலுக்கு நேரேயுள்ள மேசை. கிளடிஸ் படிப்பை முடித்துப் போகிறாள். ஆகவே எந்த நகரம் என்று இப்போதே சொல்லிவைத்தால் நல்லது. அரெக்கிப்பாவே தொடருமா?

அது கிளடிஸின் ஊர், அவள் இல்லாமல் முறையில்லை என்றேன். பிறகு எழுந்துபோய் நடைவழியைப் பார்த்தேன். குலசிங்கம் அண்ணையைக் காணவில்லை. கதவைச் சாத்தினேன்.

"வேம்பன்குளம்" என்றேன்.

"அது எங்கே?"

"யாழ்ப்பாணத்தில. நான் பிறந்த ஊர்."

"யாழ்ப்பாணத்துக்கு மேசை இருக்கிறதே?"

"அது யாழ்ப்பாணம்" என்றேன்.

மிஸிஸ் மெக்கலம் பேனையை எடுத்தார். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். எழுதி முடித்ததும், 'மேற்கு' என்பதையும் சேர்த்துக்கொள்ளும்படி மெதுவாகக் கேட்டுக்கொண்டேன். கிழக்கு வேறு ஊர்.